நஷ்டத்தில் ஓட்டுவதா, நிறுத்துவதா? - நெய்வேலி சொல்லும் செலவுக் கணக்கு

நஷ்டம் வருகிறது என்று தெரிந்தும் ஒருவர் கடையைத் திறந்து வைத்திருந்தால், பார்ப்பவர்களுக்கு இரண்டு விதமாகத் தோன்றும். ஒன்று, மனுஷனுக்குக் கணக்குத் தெரியவில்லை. இரண்டு, பொய் சொல்கிறார், உள்ளுக்குள் நல்ல லாபம். பொருளாதாரப் புத்தகம் மூன்றாவதாக ஒன்று சொல்கிறது: கணக்குத் தெரிந்ததால்தான் திறந்து வைத்திருக்கிறார்!

'நிறைவுப் போட்டியில் நிறுவனத்தின் குறுகிய காலச் சமநிலை' என்று, தலைப்பைப் படிக்கும்போதே கொட்டாவி வரவைக்கும் பாடத்தின் சாரம் இந்த மூன்றாவது பதில்தான். பாடத்தோடு ஒரு படமும் வரும். ஒரே கட்டத்துக்குள் நான்கு கோடுகள். ஒன்று சறுக்குமரம் மாதிரி இறங்கிக்கொண்டே போகும். இரண்டு கோடுகள் 'யு' எழுத்து மாதிரி வளையும். நான்காவது கொஞ்சம் இறங்கி, பிறகு விருட்டென்று ஏறி, அந்த இரண்டு 'யு'க்களின் அடிவயிற்றையும் குத்திக்கொண்டு மேலே போகும். பரீட்சைக்கு முதல் நாள் ராத்திரி இதை மனப்பாடம் செய்து, எந்தக் கோட்டுக்கு எந்தப் பெயர் என்பதை ஹாலில் மறந்துவிடுவது தலைமுறை தலைமுறையாக நடக்கிற சங்கதி.

கோடுகள் கொஞ்ச நேரம் ஓரமாக இருக்கட்டும். கடலூர் மாவட்டத்தில் நெய்வேலியை மையமாக வைத்து ஒரு வட்டம் போட்டால், பாடம் முழுக்க அந்த வட்டத்துக்குள்ளேயே கிடைக்கிறது. ஓரத்தில் பண்ருட்டிப் பக்கத்து முந்திரிக் கொட்டகைகள். நடுவில் லிக்னைட் சுரங்கமும் அனல் மின் நிலையமும். இடையில் நெல் வயல். மூன்று இடத்திலும் கேள்வி ஒன்றுதான்: இன்றைக்கு ஓட்டுவதா, நிறுத்துவதா?

முந்திரிக் கொட்டகை

நிறைவுப் போட்டி என்றால் புத்தகம் நான்கைந்து நிபந்தனை சொல்லும். நிறைய விற்பவர்கள், நிறைய வாங்குபவர்கள், ஒரே மாதிரிப் பொருள், விலை எல்லோருக்கும் தெரியும், யார் வேண்டுமானாலும் தொழிலுக்குள் வரலாம், போகலாம். 'இப்படி ஒரு சந்தை உலகத்தில் எங்கே இருக்கிறது?' என்று கேட்காத மாணவர் இல்லை. அச்சு அசலாக எங்கும் இல்லை. ஆனால் பண்ருட்டி முந்திரி அதற்கு ரொம்பப் பக்கத்தில் வரும்.

முந்திரிப் பருப்பை எண்ணிக்கையை வைத்துத் தரம் பிரிக்கிறார்கள். 'டபிள்யூ 320' என்றால் ஒரு பவுண்டு எடையில் 300 முதல் 320 முழுப் பருப்பு. 'டபிள்யூ 240' என்றால் 220 முதல் 240, அதாவது பருப்பு பெரிது, விலையும் கூடுதல். தரம் இப்படி எண்ணில் வந்துவிட்டால் யார் கொட்டகையில் உடைத்தது என்பது முக்கியமில்லை. பண்ருட்டி 320-ம் கொல்லம் 320-ம் வியட்நாம் 320-ம் ஒரே சந்தையில் நிற்கின்றன. புத்தகம் 'ஒரே மாதிரியான பொருள்' என்று சொல்வது இதைத்தான். உடைக்கிற கொட்டையிலும் எல்லாமே உள்ளூர்த் தோப்பில் விளைந்தது இல்லை, கணிசமான பங்கு மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் வருகிறது. ஆக, வாங்கும் விலையும் கொட்டகைக்காரர் கையில் இல்லை, விற்கும் விலையும் அவர் கையில் இல்லை. அவரால் முடிவு செய்ய முடிந்தது ஒன்றே ஒன்று: இன்றைக்கு எத்தனை மூட்டை உடைப்பது?

ஒரு சின்னக் கொட்டகையைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். மூட்டைக்கு இத்தனை ரூபாய் என்று உடைப்புக் கூலி வாங்கிக்கொண்டு வியாபாரிகளின் கொட்டையை உடைத்துக் கொடுக்கிறது. (கீழே வரும் எண்கள் எல்லாம் கணக்குச் சுலபமாக இருப்பதற்காகப் போட்டவை. யாருடைய பேரேட்டிலிருந்தும் எடுத்ததில்லை!) வாடகை, இயந்திரக் கடனுக்கு வட்டி எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 900 ரூபாய். ஒரு மூட்டைகூட உடைக்காவிட்டாலும் இந்த 900 போகும். இது மாறாச் செலவு. ஆள் கூலி, விறகு, கரண்டு எல்லாம் மாறும் செலவு.

மூட்டை - மொத்த மாறும் செலவு - கடைசி மூட்டைக்கு ஆன கூடுதல் - சராசரி மாறும் செலவு - மொத்தச் சராசரி

1 - 600 - 600 - 600 - 1500
2 - 1000 - 400 - 500 - 950
3 - 1350 - 350 - 450 - 750
4 - 1800 - 450 - 450 - 675
5 - 2400 - 600 - 480 - 660
6 - 3180 - 780 - 530 - 680

மூன்றாவதாக இருக்கும் 'கடைசி மூட்டைக்கு ஆன கூடுதல்' என்பதுதான் இறுதிநிலைச் செலவு. முதலில் இறங்குகிறது, ஏனென்றால் இரண்டாவது ஆள், மூன்றாவது ஆள் வரும்போது வேலை பிரிகிறது. ஒருவர் உடைக்க, ஒருவர் தோல் நீக்க, ஒருவர் தரம் பிரிக்கலாம். நான்காவது மூட்டையிலிருந்து ஏறுகிறது. கொட்டகை அதே கொட்டகை, மேசை அதே மேசை. புதிதாக வந்தவர் இடத்துக்காகக் காத்து நிற்கிறார், அல்லது ஓவர்டைம் கொடுக்க வேண்டியிருக்கிறது. 'குறைந்து செல் விளைவு விதி' என்ற பெரிய பெயருக்குப் பின்னால் இருப்பது இந்த இட நெருக்கடிதான்.

அந்த நான்காவது கோடு ஏன் சரியாக 'யு'க்களின் அடியில் போய்க் குத்துகிறது? கிரிக்கெட் தெரிந்தவர்களுக்கு விளக்கமே வேண்டாம். அடுத்த இன்னிங்ஸில் தன் சராசரியைவிடக் குறைவாக எடுத்தால் சராசரி இறங்கும், கூடுதலாக எடுத்தால் ஏறும். இறங்குவது நின்று ஏறத் தொடங்கும் இடத்தில் இரண்டும் சமம். அவ்வளவுதான், இதில் பொருளாதாரமே இல்லை.

மூன்று விலை, மூன்று முடிவு

இப்போது சந்தையில் உடைப்புக் கூலி மூட்டைக்கு 700 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்தாவது மூட்டைக்கு 600 செலவு, 700 வரவு. உடைக்கலாம். ஆறாவதுக்கு 780 செலவு. வேண்டாம். ஐந்து மூட்டையோடு நிறுத்தினால் வரவு 3500, செலவு 3300. இருநூறு ரூபாய் லாபம், எல்லோருக்கும் சந்தோஷம்.

விலை 500-க்கு இறங்குகிறது. இப்போது நான்கு மூட்டைதான் கட்டுப்படியாகும். வரவு 2000. மாறும் செலவு 1800, மாறாச் செலவு 900, மொத்தம் 2700. எழுநூறு ரூபாய் நஷ்டம். 'மூடிவிட வேண்டியதுதானே' என்பார்கள். மூடினால் நஷ்டம் எவ்வளவு? வாடகையும் வட்டியும் சேர்த்து 900. ஓட்டினால் 700, மூடினால் 900. ஆகவே அவர் ஓட்டுகிறார். முதல் பத்தியில் வந்த கடைக்காரர் இவர்தான்.

விலை 400. மூன்று மூட்டை உடைத்தால் வரவு 1200, மாறும் செலவே 1350. வாடகையை விடுங்கள், இன்றைய கூலிக்கே 150 கையைக் கடிக்கிறது. ஓட்டினால் நஷ்டம் 1050, மூடினால் 900. பூட்டைத் தேட வேண்டிய நேரம் வந்துவிட்டது.

எல்லை எது? சராசரி மாறும் செலவின் அடிமட்டமான 450. புத்தகத்தில் இதற்கு 'மூடும் புள்ளி' என்று பெயர். 450-க்கு மேலே இறுதிநிலைச் செலவுக் கோடுதான் நிறுவனத்தின் அளிப்புக் கோடு. 450-க்குக் கீழே அளிப்பு பூஜ்யம்.

கவனித்தால், முடிவெடுக்கும் இடத்தில் 900 என்ற எண்ணுக்கு வேலையே இல்லை. அது 900 ஆனாலும் 9000 ஆனாலும் மூடும் புள்ளி 450-தான். 'இவ்வளவு போட்டுவிட்டோமே' என்ற ஏக்கத்துக்கு இந்தக் கணக்கில் இடமில்லை. நிறுத்தினால் எந்தச் செலவு நிற்கும்? அதை விலை ஈடுகட்டுகிறதா? கேள்வி இவ்வளவுதான்.

தக்காளி விலை சரியும் வருஷங்களில் விவசாயிகள் அதைச் செடியிலேயே விட்டுவிடுவதும், சாலையோரம் கொட்டுவதும் பத்திரிகையில் படமாக வரும். பார்ப்பவர்கள் 'கோபத்தில் கொட்டுகிறார்கள்' என்று நினைக்கிறார்கள். கோபமும் உண்டுதான். ஆனால் பறிக்கும் கூலியும் வண்டி வாடகையும் விலையைவிட அதிகமானால், பறிக்காமல் விடுவதுதான் நஷ்டம் குறைந்த வழி. அதுவும் மூடும் புள்ளிதான், படம் மட்டும் வேறு.

மின்சாரத்துக்கு எழுதி வைத்த கோடு

வட்டத்தின் நடுவுக்கு வந்தால், முதலில் ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். நெய்வேலி நிறைவுப் போட்டி இல்லை. 1956-இல் தொடங்கிய பொதுத்துறை நிறுவனம், 1957 மே மாதம் நேரு தொடங்கி வைத்த சுரங்கம், 1962-இல் சோவியத் உதவியோடு ஓட ஆரம்பித்த முதல் மின் நிலையம். இங்கே சந்தை எங்கே வந்தது? மின்சாரத்தின் விலையை மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் நிர்ணயிக்கிறது.

ஆனால் வேடிக்கை என்னவென்றால், முந்திரிக் கொட்டகையில் முதலாளியின் மனதுக்குள் ஓடும் கணக்கு, மின் நிலையத்தில் சட்டமாகவே எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. அனல் மின்சாரத்துக்குக் கட்டணம் இரண்டு பாகம். ஒன்று நிலைக் கட்டணம்: கடன் வட்டி, தேய்மானம், முதலீட்டுக்கான வருமானம், பராமரிப்பு. இன்னொன்று எரிபொருள் கட்டணம்: ஒரு யூனிட் தயாரிக்க எரிந்த லிக்னைட்டின் விலை. மாறாச் செலவு, மாறும் செலவு என்று தனித்தனியாக இரண்டு பில்!

முன்பு நிலைக் கட்டணம் கைக்கு வருவது, எவ்வளவு மின்சாரம் உற்பத்தியானது என்பதோடு கட்டப்பட்டிருந்தது. விளைவு? நள்ளிரவில் தேவை குறைந்தாலும் எந்த நிலையமும் உற்பத்தியைக் குறைக்க மனசு வைக்காது. குறைத்தால் வட்டிக்கான பணமும் குறையுமே! 2003 ஜனவரியில் தென் மாநிலங்களில் ஏ.பி.டி. என்ற முறை வந்தது. நிலையம் ஓடத் தயாராக இருந்தாலே நிலைக் கட்டணம் உண்டு, ஓடியதா இல்லையா என்பது வேறு விஷயம் என்று ஆயிற்று. 900 ரூபாயைக் கணக்கிலிருந்து பிரித்து எடுத்து வைத்த மாதிரி.

அப்படிப் பிரித்ததும் எந்த நிலையத்தை ஓட்டுவது என்ற முடிவு எளிதாகிவிட்டது. மாநில மின் பகிர்மான மையங்கள் நிலையங்களை எரிபொருள் கட்டணத்தின் வரிசைப்படி அடுக்குகின்றன. யூனிட்டுக்குக் குறைந்த கட்டணம் உள்ளது முதலில், அதிகமானது கடைசியில். தேவை எந்தப் படியில் நிற்கிறதோ, அதற்கு மேல் உள்ளவை காத்திருக்க வேண்டும். இந்தப் படிக்கட்டுக்கு 'மெரிட் ஆர்டர்' என்று பெயர். புத்தகத்தில் பல நிறுவனங்களின் இறுதிநிலைச் செலவுகளைப் பக்கவாட்டில் கூட்டித் தொழிலின் அளிப்புக் கோடு வரைவார்களே, அதே படிக்கட்டுதான். இங்கே ஒவ்வொரு நாளும் நிஜமாகவே வரைகிறார்கள்.

2008 ஜூனில் இந்திய எரிசக்திச் சந்தை வந்த பிறகு ஏலமும் சேர்ந்துகொண்டது. நாளை தேவைப்படும் மின்சாரத்துக்கு இன்றே ஏலம். நாளைப் பதினைந்து நிமிஷத் துண்டுகளாக, 96 துண்டாக வெட்டி ஒவ்வொன்றுக்கும் தனி விலை. விற்பவரும் வாங்குபவரும் விலையைக் கேட்டு எழுதிக் கொடுக்க, இரண்டு கோடும் வெட்டும் இடத்து விலை எல்லோருக்கும் ஒன்று. (எல்லை மீறாமல் இருக்க 2023 ஏப்ரலில் யூனிட்டுக்குப் பத்து ரூபாய் உச்சவரம்பும் வைத்திருக்கிறார்கள்.) வெயில் கொளுத்தும் மதியத்தில் சூரிய மின்சாரம் குவிந்து விலை சரிகிறது. சூரிய ஒளிக்கு எரிபொருள் செலவு கிடையாது, அது எப்போதும் வரிசையில் முதல் ஆள். பொழுது சாய்ந்ததும் விலை எகிறுகிறது.

அப்படியானால் மதியம் கொதிகலனை அணைத்துவிட்டு மாலையில் பற்ற வைக்க வேண்டியதுதானே? அங்கேதான் சிக்கல். முந்திரிக் கொட்டகை மாதிரி பூட்டுப் போட்டுத் திறக்கிற விஷயம் இல்லை இது. ஆறிப்போன கொதிகலனை மறுபடி சூடேற்றப் பல மணி நேரமும் எண்ணெயும் வேண்டும். ஆகவே மதியம் அணைக்காமல் சுமையைக் குறைத்து ஓட்டுகிறார்கள். எவ்வளவு குறைக்கலாம் என்பதற்கும் ஒரு அடிமட்டம் உண்டு. மத்திய நிலையங்களுக்கு 2016-இல் அது 55 சதவீதம் என்று வகுக்கப்பட்டது. குறைந்த சுமையில் ஓடும்போது ஒரு யூனிட்டுக்கு எரியும் லிக்னைட் கூடுகிறது. 'யு' கோட்டின் இடது பக்கத்துக்கு வேறு உதாரணமே வேண்டாம்.

நிற்காத பம்பு

இதுவரை எல்லாம் புத்தகம் சொன்னபடியே நடக்கிறது. நெய்வேலி புத்தகத்தை மீறுவது சுரங்கத்தில்.

ஒரு டன் லிக்னைட் எடுக்க ஐந்து கன மீட்டருக்கும் மேல் மண்ணை அகற்ற வேண்டும். ராட்சதச் சக்கரங்களில் வாளிகள் கட்டிய ஜெர்மன் இயந்திரங்கள் அதைச் செய்கின்றன. அது தெரிந்த கதை. தெரியாத கதை அடியில் இருக்கிறது. லிக்னைட் படிவத்துக்குக் கீழே நிலத்தடி நீர் பெரும் அழுத்தத்தோடு மேல்நோக்கி முட்டிக்கொண்டு நிற்கிறது. மேலே உள்ள மண்ணின் எடைதான் அதை அமுக்கி வைத்திருக்கிறது. மண்ணை அள்ளிவிட்டால் சுரங்கத்தின் தரையே பிளந்துகொண்டு நீர் பொங்கிவிடும். ஆகவே ஆழ்துளைக் கிணறுகள் போட்டு இரவு பகலாக நீரை இறைத்து அழுத்தத்தைக் குறைக்கிறார்கள். இந்தத் தொழில்நுட்பம் கைவராத வரை நெய்வேலியில் லிக்னைட் இருப்பது தெரிந்தும் எடுக்க முடியவில்லை.

இப்போது கேள்வி. இந்தப் பம்பு ஓடும் செலவு மாறும் செலவா, மாறாச் செலவா?

கரண்டு பில்தானே, மாறும் செலவு என்று எழுதினால் ஒரு மார்க் போய்விடும். இன்றைக்கு ஒரு டன்கூட வெட்டாவிட்டாலும் நீர் முட்டுவது நிற்காது. சுரங்கம் திறந்திருக்கும் வரை பம்பு ஓடத்தான் வேண்டும். பார்ப்பதற்கு மாறும் செலவு மாதிரி இருக்கும் மாறாச் செலவு இது.

இதனால் ஒரு விசித்திரம் நடக்கிறது. பம்பு, இயந்திரம், நிலம், மண் அகற்றுதல் என்று சுரங்கத்தின் எல்லாச் செலவையும் சேர்த்து, டன்னுக்கு இவ்வளவு என்று லிக்னைட்டுக்கு ஒரு விலை போடுகிறார்கள். மின் நிலையம் அந்த விலையில் லிக்னைட்டை 'வாங்குகிறது'. உடனே அந்தச் செலவு முழுவதும் எரிபொருள் கட்டணம், அதாவது மாறும் செலவு, என்ற பெயரில் வரிசையில் போய் நிற்கிறது. மதியம் நெய்வேலி யூனிட்டின் சுமையைக் குறைத்தால் யூனிட்டுக்கு இத்தனை ரூபாய் மிச்சம் என்று காகிதம் சொல்லும். நிஜத்தில் அவ்வளவு மிச்சமாவதில்லை. பம்பு ஓடிக்கொண்டுதானே இருக்கிறது! லிக்னைட்டை வெட்டிக் குவித்து வைத்துக் காத்திருக்கவும் முடியாது. ஈரம் அதிகம், சூடு குறைவு, குவித்து வைத்தால் தானாகவே தீப்பிடிக்கும். தூரத்துக்குக் கொண்டுபோய் விற்பதும் கட்டுப்படியாகாது. மின் நிலையம் சுரங்கத்தின் வாசலிலேயே நிற்பது அதனால்தான்.

எது மாறும், எது மாறாது என்பதைப் புத்தகம் ஒரு பட்டியலாகக் கொடுத்துவிடுகிறது. வாடகை மாறாது, கூலி மாறும், மின்சாரம் மாறும் என்று. நெய்வேலியில் அந்தப் பட்டியல் செல்லாது. நிறுத்திப் பார்த்தால்தான் எது நிற்கிறது என்று தெரியும்.

நீண்ட காலத்தில்...

குறுகிய காலம் என்பது மூன்று மாதமோ ஒரு வருஷமோ இல்லை. ஏதாவது ஒன்றை மாற்ற முடியாமல் மாட்டிக்கொண்டிருக்கும் வரை அது குறுகிய காலம். முந்திரிக் கொட்டகைக்கு அது வாடகை ஒப்பந்தம் முடியும் வரை. முந்திரித் தோப்புக்கு வருஷக்கணக்கு. 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் கடலூர், பண்ருட்டிப் பக்கத்து முந்திரி மரங்களையும் பலா மரங்களையும் வேரோடு சாய்த்தபோது போனது ஒரு வருஷ விளைச்சல் மட்டுமில்லை. மரம்தான் அந்த விவசாயியின் 'நிலையான காரணி'. மறுபடி நட்டுக் காய்க்கும் வரை விலை எவ்வளவு ஏறினாலும் அவரால் ஒரு கொட்டைகூடக் கூட்டி விற்க முடியாது.

நீண்ட காலக் கோடு பற்றி மாணவர்கள் ஆறுதல் அடையும்படி ஒரு கதை உண்டு. 1931-இல் ஜேக்கப் வைனர் என்ற பெரிய பொருளாதார அறிஞர் செலவுக் கோடுகள் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். குறுகிய காலச் சராசரிக் கோடுகள் எல்லாவற்றின் அடிப்புள்ளிகளையும் தொட்டுக்கொண்டு, ஆனால் எந்தக் கோட்டுக்கும் மேலே போகாமல், ஒரு நீண்ட காலக் கோடு வரையும்படி படம் வரைபவரிடம் சொன்னார். கணிதம் படித்த அந்த வாங் என்பவர், அப்படி ஒரு கோடு வரையவே முடியாது என்றார். வைனர் கேட்கவில்லை. கடைசியில் வாங்தான் சரி என்று ஆயிற்று. இரண்டு நிபந்தனையும் ஒன்றாக நிறைவேறாது. படம் புரியாமல் குழம்புபவர்களுக்கு வைனரே துணை!

நெய்வேலியிலும் நீண்ட காலம் வந்து சேர்ந்தது. 1960-களில் தொடங்கிய யூரியா ஆலையும், 'லெக்கோ' என்ற அடுப்புக்கரியைத் தயாரித்த ஆலையும் 2000-களின் தொடக்கத்தில் மூடப்பட்டன. 600 மெகாவாட் முதல் அனல் மின் நிலையம் 2020 செப்டம்பரோடு ஓய்வு பெற்றது. அதற்குப் பதிலாக 500 மெகாவாட் யூனிட்கள் இரண்டு, 2019-க்கும் 2021-க்கும் இடையில் வந்தன.

இங்கே ஒரு நல்ல கேள்வி எழும். பழைய நிலையத்தின் கடன் எல்லாம் எப்போதோ தீர்ந்துவிட்டது. புதிதுக்கோ முதலீடு கோடி கோடியாக. பழையதை ஏன் மூட வேண்டும்? பழையதுக்கு ஓட்டும் செலவு மட்டும்தான், புதிதுக்கு முதலும் சேர்த்து மொத்தச் செலவு. புதிதின் மொத்தச் சராசரி, பழையதின் ஓட்டும் செலவையும்விடக் குறையும்போதுதான் மாற்றுவது கணக்குக்குச் சரி. 50 மெகாவாட், 100 மெகாவாட் சின்ன யூனிட்கள் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு அதிக லிக்னைட்டைத் தின்றன. வயதும் அறுபதை நெருங்கியது. புகைக்கான விதிகளும் இறுகின. அந்த விதிகளுக்கு ஏற்பப் பழைய நிலையத்தைத் திருத்துவது என்றால் அதுவே புது முதலீடு. ஓடிக்கொண்டிருப்பதாலேயே ஒன்று மலிவு என்று ஆகிவிடாது.

'மாறும்' என்பது யார்?

மறுபடி முந்திரிக் கொட்டகையின் மூன்றாவது விலைக்குப் போனால், அங்கே ஒரு கணக்கு பாக்கி இருக்கிறது.

விலை 400 ஆனதும் கொட்டகைக்காரர் மூடினார். ஓட்டினால் 1050 நஷ்டம், மூடினால் 900. மூடியதால் அவருக்கு மிச்சம் 150 ரூபாய். சரியான முடிவு, முழு மார்க். ஆனால் அந்த மூன்று மூட்டைக்கான 1350 ரூபாய் மாறும் செலவு என்று எழுதினோமே, அது என்ன? விறகையும் கரண்டையும் கழித்தால் மீதி எல்லாம் கூலி. முந்திரி உடைப்பது பெரும்பாலும் பெண்கள். ஓட்டிலிருந்து வடியும் எண்ணெய் பட்டுக் கை புண்ணாகும் வேலை. 150 ரூபாய் நஷ்டத்தைத் தவிர்க்க ஒருவர் எடுத்த முடிவில், வேறு சிலருடைய ஆயிரத்துச் சொச்சம் ரூபாய் அன்றைக்கு இல்லாமல் போகிறது. அவர்களுடைய மாறாச் செலவு, அதாவது வீட்டு வாடகை, ரேஷன், பிள்ளைகளின் ஃபீஸ், அப்படியே நிற்கிறது. கொட்டகைக்கு 'மூடும் புள்ளி' உண்டு. வயிற்றுக்கு இல்லை.

கொட்டகைக்காரர் கெட்டவர் என்று இதற்குப் பொருளில்லை. தினம் 1050 இழந்தால் அவரும் நாலு நாளில் காணாமல் போவார். நிஜத்தில் பல முதலாளிகள் கணக்குப்படி மூடுவதும் இல்லை. மூடினால் கை தேர்ந்த ஆட்கள் பக்கத்துக் கொட்டகைக்குப் போய்விடுவார்களே என்று கொஞ்ச நாள் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டுகிறார்கள். அந்த இடத்தில் கூலியும் நெய்வேலிப் பம்பு மாதிரி ஆகிவிடுகிறது, மாறும் செலவு என்ற பெயரில் ஒரு மாறாச் செலவு.

பெரிய நிறுவனத்திலும் இதே கோடு ஓடுகிறது. நிரந்தரத் தொழிலாளிக்கு டவுன்ஷிப் குவார்ட்டர்ஸ், சம்பளம், பென்ஷன் எல்லாம் உண்டு, கணக்கில் அவர் மாறாத பக்கம். அதே சுரங்கத்தில் வேலை பார்க்கும் ஒப்பந்தத் தொழிலாளி மாறும் பக்கம். 2014 செப்டம்பரில் தொடங்கி ஒரு மாதத்துக்கும் மேல் நெய்வேலியில் ஆயிரக்கணக்கான ஒப்பந்தத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பணி நிரந்தரம் என்பது அவர்களின் நெடுநாள் கோரிக்கை. பொருளாதாரப் பாஷையில் சொன்னால், 'எங்களை அந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் எழுதுங்கள்' என்ற கோரிக்கை.

வட்டத்தில் மிச்சம் இருப்பது நெல் வயல். 2023 ஜூலை 26-ஆம் தேதி, சேத்தியாத்தோப்பு அருகே வளையமாதேவியில், பரவனாற்றைத் திருப்பும் கால்வாய்க்காக விளைந்து நின்ற நெற்பயிரில் பொக்லைன்கள் இறங்கின. நிலம் பல வருஷங்களுக்கு முன்பே கையகப்படுத்தி இழப்பீடும் கொடுத்தது என்றது நிறுவனம். அறுவடை வரை பொறுத்திருக்கக் கூடாதா என்று கேட்டது சென்னை உயர் நீதிமன்றம். பிறகு பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் இழப்பீடு தரவும் உத்தரவிட்டது.

சட்டம் எந்தப் பக்கம் என்பது ஒருபுறம் இருக்கட்டும். அந்தக் காட்சி ஏன் அத்தனை பேரை உலுக்கியது என்பதைச் செலவுக் கணக்கும் சொல்லும். விதைப்பதற்கு முந்தின நாள் விவசாயிக்கு எல்லாமே மாறும் செலவு. விதைக்காவிட்டால் ஒன்றும் போகாது. உழவு, நாற்று, உரம், களை என்று நாள் போகப் போக ஒவ்வொன்றாக மாறாச் செலவுப் பக்கம் போய்ச் சேர்கிறது, திரும்ப எடுக்க முடியாது. கதிர் முற்றும் நேரத்தில் பாக்கி இருப்பது அறுப்புக்கூலி ஒன்றுதான். அந்தக் கட்டத்தில் வரும் விலை ஏறக்குறைய முழுவதும் அவர் ஏற்கெனவே போட்ட பணத்தை மீட்கும் விலை. நடவுக்கு முன்னால் நிறுத்தினால் ஒரு நஷ்டம், அறுப்புக்கு முன்னால் நிறுத்தினால் அதைப்போல் பல மடங்கு. 'இன்னும் இரண்டு மாதம்' என்ற கேள்விக்கு அத்தனை எடை வந்தது அதனால்தான்.

பரீட்சையில் இந்தக் கேள்வி வந்தால் நான்கு கோடுகளையும் வரைந்து, விலை சராசரி மாறும் செலவுக்குக் கீழே போனால் நிறுவனம் மூடும் என்று எழுதினால் போதும், மார்க் கிடைத்துவிடும். அந்தப் பதிலில் தப்பு ஒன்றும் இல்லை. நஷ்டத்திலும் கடை ஏன் திறந்திருக்கிறது, தக்காளி ஏன் சாலையில் கிடக்கிறது, மதியம் மின் நிலையம் ஏன் பாதி மூச்சில் ஓடுகிறது என்று மூன்றையும் அந்த ஒரே விதி விளக்கிவிடுகிறது. எந்தச் செலவை எந்தப் பக்கம் எழுதுவது என்பதை மட்டும் அது சொல்லித்தராது. அதை நீரின் அழுத்தமும், கொதிகலனின் சூடும், ஒப்பந்தத் தாளும், நெல்லின் வயதும் முடிவு செய்கின்றன. எழுதுகிறவர் பேனாவை வைப்பதற்கு முன்னால், 'மாறும்' என்ற அந்தப் பக்கத்தில் இருப்பது விறகா, ஆளா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்வது நல்லது.